முப்பத்தொன்றாம் நம்பர் கேப்டனுக்கு

ராயப்பர் துணை

ராயபுரம்,
2-7-1954

அன்பு மகன் அருள்பிரகாசத்துக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் உன் அம்மாவும் சுகம், என் முழங்கால் வலியைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை, கல்கத்தாவில் நீயும் மருமகளும் நோய்நொடி அண்டாமல் இருக்க நம் கோயில் ராயப்பரை வேண்டிக்கொள்கிறோம். உன் தந்தி ராயப்பர் திருநாளன்று காலையில் வந்தது. தந்திக்காரனின் சைக்கிளைக் கண்டதுமே உன் அம்மா மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், ஆகாயத்தில் வேலை பார்க்கிற பிள்ளையைப் பெற்றவளுக்கு வேறு என்ன தோன்றும், இனிமேல் நல்ல செய்தியைக் கார்டில் எழுது. பைலட்டுகள் சீனியாரிட்டி லிஸ்ட் முடிந்தது, என் நம்பர் முப்பத்தொன்று என்று தந்திக்காரனே படித்துச் சொன்னான். எங்கள் படகுக் கம்பெனியில் சுக்கான் பிடிக்கிற தண்டேல்கள் மொத்தமே இருபது பேர், இருபதாவது ஆளுக்கு வருஷம் பூராவும் ஒழுகுகிற படகுதான், அப்படியிருக்க முப்பத்தொன்று என்றால் என் பிள்ளையைக் கடலிலேயே தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தேன். சர்க்கார் எட்டு விமானக் கம்பெனிகளையும் ஒன்றாக்கியதிலிருந்து நீ பயந்தபடியே ஆயிற்று, பெரிய கம்பெனிப் பைலட்டுகள் எல்லாரையும் முன்னால் வைத்துவிட்டார்கள், ஏழு வருஷம் கேப்டனாக இடது ஆசனத்தில் இருந்தவன் இனி வலது ஆசனத்தில் உட்கார்ந்து நேற்று வந்தவனுக்கு எடுபிடி செய்யவேண்டும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தேர் வருகிறது, நான் ராயப்பர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நிற்கிறேன். திருவொற்றியூர் ஜெயவேல் வந்து, இன்னா இக்னேஷியசு, திருநாளும் அதுவுமா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற என்றான். சொன்னேன். சரி, மொத்தம் எத்தினி பேரு கீறாங்கோ, அத்தக் கேட்டியா என்றான். கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடி உன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால் இருநூற்று நாற்பது பேர் என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். இருநூற்று நாற்பதில் முப்பத்தொன்று. உன் அம்மா ஓடிப்போய் நகர்ந்துவிட்ட தேருக்குப் பின்னால் மெழுகுவர்த்தி கொளுத்தினாள். நான் ஒரு தார் வாழைப்பழம் வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன், ஏன் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு தரம் சொன்னேன்.

நேற்று உன் விவரக் கடிதமும் வந்தது. அதைப் படித்த பிறகு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இரண்டாம் ஆசனம் கிடைத்தாலும் பொறுத்துப் போகிறேன் என்று நீ எழுதியதற்குக் கோபத்தில் நான்கு பக்கம் திட்டி எழுதினேனே, அதை லிஸ்ட் விவகாரத்தை விசாரித்த ஜட்ஜ் அய்யா முன்னால் நீ இங்கிலீஷில் சொல்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நான் எழுதியது எங்கள் கதைதானே. ஐந்து வருஷத்துக்கு முன் துறைமுகத்தில் இரண்டு படகுக் கம்பெனிகளை ஒன்றாக்கியபோது சின்னக் கம்பெனியான எங்கள் ஆறு பேரையும் வாலில் வைக்கப் பார்த்தார்கள். கப்பலுக்குப் பக்கத்தில் எவன் முதலில் நங்கூரம் போட்டானோ அவனுக்குத்தான் முதல் சுமை, படகு யாருடையது என்று கடலில் ஒருவனும் கேட்பதில்லை, அதேபோல எவன் முதலில் சுக்கான் பிடித்தானோ அவன் முன்னால் நிற்கட்டும் என்று நாங்கள் படகை எடுக்க மறுத்து உட்கார்ந்து ஜெயித்தோம். அதே நியாயத்தில் முதன்முதல் கேப்டன் ஆன தேதிப்படி உங்கள் எல்லாரையும் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். சம்பளம், லீவு ஒப்பந்தங்களிலும் எந்தக் கம்பெனியில் எது நல்லதோ அதையே எல்லாருக்கும் வைத்தது சரி, இரண்டு வலையைச் சேர்க்கும்போது கிழிந்த கண்ணை அறுத்துவிட்டு நல்ல கண்ணோடுதான் முடிய வேண்டும்.

ஆனால் ஒன்று. முப்பத்திரண்டாம் நம்பர் பெரிய கம்பெனிக்காரர், உன்னைவிட வயதில் மூத்தவர், மூன்று மாதம் பிந்திக் கேப்டன் ஆனதால் உனக்குப் பின்னால் வந்தவர், இப்போது உன்னைக் கண்டால் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அவரைக் குடும்பத்தோடு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு. வராவிட்டால் மறுபடி கூப்பிடு. அன்றைக்கு எங்கள் வரிசையில் பெரிய கம்பெனியிலிருந்து எனக்கு அடுத்ததாக வந்த ஐந்தாம் நம்பர் வேறு யாருமில்லை, ஜெயவேல்தான். நான்கு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, நானும் கூப்பிடவில்லை, அது என் தப்பு. போன வருஷம் என் முழங்கால் வீங்கியபோது கேட்காமலே வந்து என் படகையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டான். உன் நம்பர் நல்ல நம்பர் என்று எனக்கு விளங்கவைத்தவனும் அவன்தான்.

புது ஒப்பந்தத்தில் லீவு கூடியிருக்கிறதே, கிறிஸ்துமஸுக்கு மருமகளைக் கூட்டிக்கொண்டு தவறாமல் வா, உன் அம்மா இப்போதே மாவு இடிக்கிற பேச்சை எடுத்துவிட்டாள். ராயப்பர் உன் விமானத்துக்கு முன்னும் பின்னும் நிற்பார். முப்பத்திரண்டாம் நம்பர்காரர் சாப்பிட வந்தாரா என்று மறக்காமல் எழுது.

இப்படிக்கு உன் அப்பா,
இக்னேஷியஸ்,
தண்டேல், நான்காம் நம்பர்.