வின்சென்ட்டின் முகத்தை நான் பார்க்கவில்லை

ஜெலுத்தோங், பினாங்கு
டிசம்பர் 28

அன்பு மகள் காமினிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நலம், அந்த லண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்சாப்பில் சொன்னால் பாதி கேட்டுவிட்டுச் சிரிக்கிற பொம்மை அனுப்பிவிடுவாய், இது சிரிக்கிற விஷயமில்லை, அதனால் மசாலாத்தூள் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தே தாரிக் டீயைத்தான் விடமாட்டேன் என்கிறார்.

அப்பாவோடு வேலை பார்த்த வின்சென்ட் வீட்டு போர்ச்சில் பூல் மேசை கிடக்கிறதே, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவனை ஜெயித்துவிட்டு வருவேனே, இந்த வருஷம் நடுவில் அந்த ஆட்டம் கெட்டுப்போனது. குழியின் வாயில் நிற்கிற பந்தைக்கூட விட்டேன். கண்ணாடியை மாற்றினேன், கியூ கோலை மாற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. தீபாவளிக்கு நம் வீட்டு ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு வந்தவன், நான் சுட்ட முறுக்கைக் கடித்துக்கொண்டே, அத்தனை விருந்தாளிகள் முன்னால், அக்கா இனிமே நீங்க கரண்டிய மட்டும் புடிங்க லா, கியூவ நாங்க பாத்துக்குறோம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ஆட்டுக்கறி வைத்தேன். கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டு ஓப்பன் ஹவுஸில், அவன் மேசையில், அவன் சொந்தக்காரர்கள் முன்னால் அவனைத் தோற்கடிப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

உனக்கு அனுப்ப அப்பா என் ஆட்டத்தை ஒருநாள் போனில் பிடித்து வைத்திருந்தார், அதைப் போட்டுப் பார்த்தேன். கியூ பந்தைத் தொடுவதற்கு முன்பே என் தலை நிமிர்ந்துவிடுகிறது. பந்து விழுந்ததும் வின்சென்ட் முகம் சுருங்குமே, அதைப் பார்க்கிற ஆசைதான். அந்த அவசரத்தில் தோள் ஏறுகிறது, கியூ கோணுகிறது, பந்து எங்கோ போகிறது. பிறகு புதிதாகக் கற்றுக்கொள்கிறவள் மாதிரி ஆரம்பித்தேன். சாப்பாட்டு மேசையில் காலி சிரப் போத்தலைப் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் கியூ நுனி விளிம்பில் படாமல் போய்வர வேண்டும். கால் எங்கே, இடது கை எங்கே, தாடை கியூவுக்கு மேலே, அவ்வளவுதான். அப்பா சோறு கேட்டால் தட்டைத்தான் ஓரமாக வைத்தேன், போத்தலை நகர்த்தவில்லை, அன்றைக்குச் சிரித்தாரே அதற்கு. அப்புறம் காலையில் ஆளில்லாத நேரமாகப் பூல் சென்டருக்குப் போய் நேர் பந்துகள் மட்டும் அடித்தேன், குழியில் விழுகிற சத்தம் கேட்காமல் தலையைத் தூக்குவதில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது, போகப்போகச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

கிறிஸ்துமஸ் அன்று கடைசியில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம், மூலைக் குழிக்கு நேராக. குழிக்குப் பின்னால் வின்சென்ட் நின்றான். நிமிர்ந்து பார் பார் என்று உடம்பெல்லாம் துடித்தது, நான் தாடையை எடுக்கவில்லை. சத்தம் கேட்டது, கைதட்டினார்கள். நிமிர்ந்தபோது அவன் முதுகுதான் தெரிந்தது, கேக் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்க்கொண்டிருந்தான். முகம் எப்படி இருந்தது என்று அவன் மனைவி டோரதியைக் கேட்டால் அவள் சிரிக்கிறாளே தவிர சொல்லத் தெரியவில்லை, உன் அப்பா குனிந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிசுத்தாள் சுற்றிக் கொண்டுபோயிருந்த புதுக் கரண்டியை டோரதி கையில் கொடுத்து, உங்க வீட்டுக்காரருக்குன்னு சொல்லுங்க என்றேன். அவன் உள்ளே இருந்தபடியே, லக்கு லா அக்கா, சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னொரு ஆட்டம் என்று கத்தினான். சரி என்றேன். ஜெயித்தும் எனக்கு ஆறவில்லை காமினி, இத்தனை பாடும் அந்த முகத்துக்காகத்தான் பட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் மனம் ஒத்து வாழ என் ஆசிகள், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. சித்திரைக்கு லீவு போட்டு வருகிறாய், மறந்துவிடாதே. போனில் படம் எடுத்தால் அவன் திரும்பிக்கொள்வான், என் பக்கத்தில் நின்று கண்ணாலேயே நன்றாகப் பார்த்து வைத்து, ஒன்று விடாமல் என்னிடம் சொல். நான் தலையைத் தூக்கமாட்டேன்.

உன் அம்மா,
ரமணி வாசு