துணி படாத இடம்

மார்ச் 4

தங்கைக்கு,

நான்கு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டு பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நம் மாமனார் விட்டுப்போன பிரெஞ்சு வெண்கல வேட்டைநாயைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் வீட்டுக் கூரையைப் பழுதுபார்த்த ஆறு மாதம் அது உன்னிடம் இருந்தது. திரும்பி வந்தபோது ரோமக் கோடுகள் மழுங்கி, சிற்பியின் கையெழுத்து பாதி மறைந்திருந்தது. அசலை வைத்துக்கொண்டு நகலைத் தந்தாய் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டாளர் வருகிறார். அதை எதைக் கொண்டு துடைத்தாய் என்று கேட்டிருக்கிறார். ஒரு வரி போதும்.

— அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

காய்ந்த ஷேவிங் பிரஷ்ஷால் தூசி தட்டினேன், அவ்வளவுதான். மாமா அப்படித்தான் செய்வார். அந்தப் பழுப்பு அழுக்கல்ல, பட்டறையில் போட்ட பூச்சு என்பார். உங்களிடமும் ஒருமுறை சொன்னேன். “கான்வென்ட்ல படிச்சவளுக்கு நீ சுத்தம் சொல்லித் தர்றியா?” என்றீர்கள்.

ஒரு வரி கேட்டீர்கள். கூடிவிட்டது.

— தங்கை

மார்ச் 14

அன்புத் தங்கைக்கு,

‘அன்பு’ என்று எழுதக் கை கூசுகிறது.

வந்தவள் என் பேத்தி வயதுப் பெண். நாயைக் கவிழ்த்து, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியால் வயிற்றடியைப் பார்த்தாள். அங்குலம் அங்குலமாக அளந்து, அசலுக்கென்று புத்தகத்தில் போட்டிருந்த அளவோடு ஒப்பிட்டாள். அசலிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்தால், வெண்கலம் ஆறும்போது சுருங்கி உருவம் சற்றுச் சிறுத்துவிடுமாம். நம் நாய் இம்மியும் குறையவில்லை. வயிற்றடியில் உளிக்கோடுகள் நேற்றுச் செதுக்கியவை போல் இருந்தன. பழுப்பும் அப்படியே இருந்தது.

“துணி பட்ட இடமெல்லாம் தேஞ்சுபோச்சு, படாத இடம் மட்டும் பிழைச்சிருக்கு. யாரும்மா இதுக்கு பாலிஷ் போட்டது?” என்றாள்.

நான்தான். இருபத்தோரு வருஷம், சனிக்கிழமை தவறாமல். ஆறு மாதம் பார்க்காமல் இருந்துவிட்டுப் பார்த்ததால்தான் அந்தத் தேய்மானம் என் கண்ணில் பட்டது. பட்டதும் உன் தலையில் போட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் கேட்டபோது, ‘முன்பு வேலைக்கு இருந்தவள்’ என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. சிரமப்பட்டு மூடினேன்.

நாயை உனக்கே அனுப்புகிறேன். அன்று என் முன்னறையில் இருந்த ஐந்து பேருக்கும் நடந்ததை என் கையாலேயே எழுதிப் போட்டுவிட்டேன்.

வெட்கத்துடன்,
உன் அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

நாய் பத்திரமாக வந்தது. அலமாரி மேல் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

ஐந்து பேர் இல்லை அக்கா, ஆறு பேர். உங்கள் கொழுந்தனாரும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அன்று வீடு திரும்பும்போது, ‘எடுத்தியா?’ என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. போன வருஷம் கண்ணை மூடும்வரை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இல்லையென்று சொல்லியிருப்பேன். கேட்காதவரிடம் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை வாருங்கள். இனி அன்றைக்கு உங்களுக்கு வேலை இல்லையே. உங்கள் கடிதத்தை அவர் படத்தடியில் வைத்திருக்கிறேன். நீங்களே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், பள்ளியில் சொல்லித் தந்த மாதிரி நிறுத்தி, சத்தமாக.

நான் அடுத்த அறையில் இருப்பேன்.

— தங்கை