நான் நகர்த்திய பக்கம்

இன்று காலை ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் அதே வரி வந்து நின்றது: கேட்ட கோப்பு கிடைக்கவில்லை. உன்மேல் மறுபடியும் ஆத்திரம் பொங்கியது. செத்துப்போனவன்மேல் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது?

தொண்ணூற்றொன்பதில், ஏற்காட்டில் எங்கள் மளிகைக் கடை மாடியில் நாம் இருவரும் செய்த முதல் வெப்சைட், உன் அப்பா அம்மா கூலிக்காரர் லைன் வீட்டில் இருந்துகொண்டு பழம் பறித்த காபி எஸ்டேட்டுக்கு. நன்றாக வந்தால் உன்னைக் கணக்கு எழுதும் ரைட்டராக எடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். மெனுவைத் தனிக் கோப்பாக எழுதி, எல்லாப் பக்கமும் அதைக் கூப்பிட்டுக்கொள்ளும்படி செய்தது நீ. கூப்பிடும் வழியில் இரண்டு புள்ளி வைத்தாய். ஒரு ஃபோல்டர் மேலே ஏறு என்று அர்த்தம்.

"பாய், பக்கத்தை எடம் மாத்துனா எங்கிட்டச் சொல்லீருங்க. நிக்கற எடத்துலருந்துதானுங்க அது மேல ஏறும்" என்றாய். மலைச் சரிவில் இருக்கும் உங்கள் ஊர் வாழவந்தியில் மேல ஊடு எது என்று கேட்டால், எங்கே நின்று கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். நீயும் அப்படித்தான் யோசித்தாய்.

முதலாளி வரும் அன்று காலை, முதல் பக்கம் உள்ளே ஒளிந்து கிடக்கிறதே என்று நான் அதை ஃபோல்டரை விட்டு வெளியே எடுத்து வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும், உன் இரண்டு புள்ளி எல்லாவற்றுக்கும் வெளியே போய்த் தேடியது. மெனு இருக்க வேண்டிய இடத்தில் கோப்பு கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை வரிகள்தான் வந்தன.

"லைன் ஊட்டுப் பையனுக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டரு?" என்றார் அவர்.

நீ திரையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது. "தப்பு என்னுதுதானுங்க" என்றாய்.

ஏன் சொன்னாய்? கடை எங்களுடையது என்பதாலா? யாரடா உன்னைக் கேட்டது? அவர் போனதும் இரண்டே நிமிடத்தில் சரிசெய்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓடிப்போய் அவர் ஜீப்பை நிறுத்தியிருக்கலாம், நான்தான் நகர்த்தினேன் என்று சொல்லியிருக்கலாம். வேலை உனக்குக் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. அடுத்த வாரம் நீ சேலத்துக்கு பஸ் ஏறினாய். போன மாதம் நீ செத்த சேதிதான் மலை மேலே வந்தது.

இன்று பக்கத்தை இடம் மாற்றியது என்னிடம் வேலை செய்யும் பெண். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "நாந்தானுங்க நகத்துனேன்" என்றாள். இருபது வருஷத்துக்கு மேலாக என் தொண்டையில் கிடக்கிற வார்த்தை அது. அவளுக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை.