பெட்டிகள் மட்டும் வந்த கப்பல்

பெரோயாவிலிருந்து அம்மா ஃபிலின்னா தன் மகள் மெலித்தாவுக்கு எழுதுவது.

உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று ஹெரா தேவியிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன், இங்கே நானும் உன் அண்ணன் ஹார்பலோஸும் அவன் மனைவியும் குதிரைகளும் சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கத்துக்காகத்தான், என் சுகம் போய்ப் பல நாளாகிறது, அதற்குக் காரணம் நீ. ராணிக்கு இப்படியெல்லாம் எழுதலாமா என்று ஹார்பலோஸ் கேட்கிறான், மூக்குச் சிந்தத் தெரியாத வயதிலிருந்து அவளை எனக்குத் தெரியும், எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் புருஷன் காய்ச்சலில் போன செய்தி கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பிறகு தளபதி லாமகோஸின் ஆள் வந்து, ஆட்சியை இனித் தளபதியே பார்த்துக்கொள்வார், ராணியை மரியாதையோடு தாய்வீட்டுக்கு அனுப்புகிறார் என்றான். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தேன், பன்றி அடித்து உப்புப் போட்டு வைத்தேன், ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டேன். சொந்தக்காரர்களை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு பித்னா துறைமுகத்தில் போய் நின்றால், கப்பலிலிருந்து ஒரு பெட்டி இறங்குகிறது, இன்னொரு பெட்டி இறங்குகிறது, உன் நாற்காலிகூட இறங்குகிறது. கடைசியில் உன் பணிப்பெண் ரோதே இறங்கினாள், என்னைப் பார்த்ததும் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். நீ செத்துவிட்டாய் என்று நினைத்தேன் மெலித்தா, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஓடி வந்து, ஐயோ அம்மா, அவங்க நல்லாத்தான் இருக்காங்க, கப்பல் கிளம்பற நேரத்துல இறங்கிட்டாங்க என்றாள். இறங்கிட்டாங்களாம்! ஏதோ வண்டியிலிருந்து இறங்குகிற மாதிரி!

அந்த ஊருக்கு நீ ராணியாகவா போனாய்? என் அக்கா மகள் ஆடெயா மன்னரைக் கட்டிக்கொண்டு போனபோது துணைக்குப் போனவள், அறுவடைக்குத் திரும்பிவிடுவேன் என்றாய். ஆடெயா பிள்ளை ஆர்கியாஸைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள், பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒருத்தி கிடைத்ததும் வருகிறேன் என்றாய். கிடைத்தாள், அப்புறம் பல் முளைக்கட்டும் என்றாய். பல்லும் முளைத்தது, ஓடியாடவும் ஆரம்பித்தான், மன்னர் உன் தலையிலேயே பட்டத்தைக் கட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கல்யாணச் செய்தியே எனக்குக் கம்பளி வியாபாரி சொல்லித்தான் தெரியும்.

இந்தத் தடவை ரோதே சொல்லித் தெரிகிறது. நீ கப்பலேறும் பலகையில் கால் வைத்துவிட்டாயாம், லாமகோஸ் கரையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தானாம். ஆர்கியாஸ் அழவே இல்லையாம், அம்மா, என்னை மலைக்கோட்டைக்கு அனுப்பறாங்களாமே, அங்க எனக்கு யாரைத் தெரியும் என்று மட்டும் கேட்டானாம். நீ திரும்பி, எந்தக் கோட்டை என்று கேட்டாயாம். பிள்ளைக்குக் கடல்காத்து ஒத்துக்கலை ராணி, மலைக்காத்து நல்லது என்று லாமகோஸ் சிரித்தானாம். அப்பன் இல்லாத ராஜாப் பிள்ளைகள் மலைக்காற்று வாங்கப் போய்த் திரும்பி வந்ததை யாராவது பார்த்திருக்கிறார்களா? நீயோ, அப்படியா, அப்போ இவனுக்குக் கம்பளி எடுத்து வைக்கணுமே என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், அரண்மனைக்குப் போகாமல் நேரே படைவீட்டுக்குப் போயிருக்கிறாய். உனக்குப் பயம் என்பதே கிடையாதா?

படைவீட்டில் நடந்ததைப் பின்னால் மரம் ஏற்றி வந்த ஒரு கப்பல்காரன் சொன்னான். நம் பக்கத்திலிருந்து போன சிப்பாய்கள் சாப்பிடுகிற நேரம், பிள்ளையை மேஜைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு நம் ஊர்ப் பேச்சிலேயே பேசினாயாம். இவன் அப்பாகூட நீங்க பனியில படுத்தவங்க, இவனை மலைக்கு அனுப்பறாங்க, எதுக்குன்னு எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும், என்கிட்ட வாளும் இல்ல ஈட்டியும் இல்ல, நீங்க நிதானமா சாப்பிட்டு முடிச்சுட்டு ஒரு முடிவு சொல்லுங்க, நாங்க இங்கயே உக்காந்திருக்கோம் என்று சொல்லி, அவர்கள் கிண்ணத்திலிருந்தே பருப்புக் கஞ்சியை எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டினாயாம். பல் போன ஒரு சிப்பாய், டேய், இது எங்க ஊர்ப் பொண்ணுடா என்று கத்தித் தன் தொப்பியைக் கழற்றிப் பிள்ளை தலையில் வைத்தானாம், அது மூக்குவரைக்கும் இறங்கிவிட்டதாம். அப்புறம் இவன்தான் ராஜா என்று எல்லாரும் கேடயத்தில் ஈட்டியைத் தட்டின சத்தம் துறைமுகம்வரைக்கும் கேட்டது, எங்க கப்பல்காரன் பயந்து கயித்தை அவிழ்த்துட்டான், அதனாலதான் நானும் அவங்க பெட்டிகளும் இங்க வந்துட்டோம் என்கிறாள் ரோதே. அதற்குப் பின் நடந்ததையும் அந்த மரக்கப்பல்காரன்தான் சொன்னான், லாமகோஸ்தான் முதல் ஆளாகப் பிள்ளைமுன் குனிந்தானாம். குனியத் தெரிந்தவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதையாவது கேள். அவன் அனுப்புகிற தின்பண்டத்தைத் தொடாதே, அவன் கொடுக்கிற குதிரையில் பிள்ளையை ஏற்றாதே. அந்தப் பல் போன சிப்பாயை உன் வாசலில் படுக்கச் சொல். லாமகோஸைக் கொல்லவும் வேண்டாம், படை இரண்டாகும், நீளமான ஒரு பட்டப்பெயரைக் கொடுத்து எல்லைக்கு அனுப்பிவிடு. ஆண்கள் பட்டப்பெயருக்காக எங்கே வேண்டுமானாலும் போவார்கள், உன் அப்பாவையே நான் அப்படித்தான் போருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கூரையை மாற்றினேன்.

இங்கே கிணற்றடியில் நான் தலை காட்டினால் போதும், என்ன ஃபிலின்னா, ராணி வந்தாச்சா என்று கேட்கிறார்கள். உனக்காக உப்புப் போட்ட பன்றியைச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து தின்று தீர்த்துவிட்டார்கள். அவ வரமாட்டான்னு எனக்கு அப்பவே தெரியும் என்கிறான் ஹார்பலோஸ், அவனுக்கு எல்லாம் அப்புறம்தான் அப்பவே தெரியும். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் அழுதுகொண்டே கப்பலேறியிருப்பேன், இறங்கியிருக்க மாட்டேன். இந்தப் பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்ததென்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

ஹெராவும் ஆர்ட்டெமிஸும் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும், ஆர்கியாஸ் உன்னைவிட உயரமாக வளரட்டும். அடுத்த தடவை வியாபாரியிடம் சொல்லியனுப்பாமல் உன் கையால் எழுது. பலகையை விட்டு இறங்கும்போது என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று ரோதேயிடம் கேட்டேன். அம்மா திட்டுவாங்க, வாங்கிக்கறேன்னு சொன்னாங்க என்றாள். திட்டியாகிவிட்டது. இனிப் பிள்ளையைப் பார்.

உன்னைப் பெற்றவள்,
ஃபிலின்னா