பவளத் தொட்டியில் நீரூற்றுப் பம்ப்

தூத்துக்குடி
பிப்ரவரி 9

அன்புள்ள பிரகாஷுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று வாரமாக நீ போன் செய்தபோதெல்லாம் முதலில் விசாரித்தது பவளத்தின் நலத்தைத்தான், அதனால் அதற்கும் இங்கே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், விஷயம் ஒரு வரியில் அடங்காது என்பதால்தான் இந்தக் கடிதம். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பச் சொல்லிவிடுகிறாய். காகிதத்தில் அந்த வசதி இல்லை, ஆகவே முழுவதையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

ரோட்டர்டாமில் நீர் மேலாண்மை படிக்கப் போகிற அவசரத்தில், உன் பவளத் தொட்டியின் முந்நூறு லிட்டர் தண்ணீரை மேலாண்மை செய்யும் வேலையை என் தலையில் கட்டிவிட்டு ஆகஸ்டில் விமானம் ஏறினாய். உப்பளம் சூழ்ந்த ஊரில் பாக்கெட்டில் வரும் வெளிநாட்டு உப்பைக் கரைத்து, கடலுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கடல் செய்து வைத்திருக்கிறோம் என்று யாரிடமும் நான் சொல்லிக்கொள்வதில்லை. ஐந்து மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது, பொங்கல் கழிந்த மறுநாள் தொட்டித் தண்ணீரைச் சுழற்றிவிடும் பம்ப், அதுதான் உன் வேவ்மேக்கர், முனகி முனகி நின்றுபோனது. உனக்குச் சொன்னேன், பதினெட்டு நிமிடத்துக்குக் குரல் பதிவு அனுப்பினாய், அதை நான் கேட்டு முடிப்பதற்குள் உன் அப்பா செயலில் இறங்கிவிட்டார். முப்பது வருடமாக போர்வெல் மோட்டார் விற்கிறவர் அல்லவா. “ஏளா, எரநூறு அடியில கெடக்க தண்ணியவே மேல கொண்டாரேன், இந்தக் கண்ணாடிப் பொட்டித் தண்ணிய சுத்தவிட எனக்கு இவன் கிளாஸ் எடுக்கானா” என்று சொல்லி, கடையிலிருந்து நீரூற்றுக்கு விற்கிற பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். கடையில் இருந்ததிலேயே பலமானது அதுதானாம், பிள்ளைக்குச் செய்வதில் குறை வைக்கக் கூடாதாம்.

அது பலமானதுதான், சந்தேகமில்லை. சுவிட்சைப் போட்டதும் சுவரில் மாட்டியிருக்கும் உன் பட்டமளிப்புப் படம் வரை தண்ணீர் தெறித்தது. அப்புறம் பம்பின் வாயைக் கீழே திருப்பி வைத்தார். மணல் முழுவதும் ஒரு மூலைக்குப் போய்த் தேரிக்காட்டு மணல்மேடு மாதிரிக் குவிந்தது, கோமாளி மீன் இரண்டும் எதிர் மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றன. நீ லெதர் கோரல் என்றும் நான் காளான் என்றும் சொல்லுகிற அந்தத் தோல் பவளம் நேராக முகத்தில் அடி வாங்கி, விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மூடிவிட்டது. “பழகிரும்” என்றார் உன் அப்பா. ஒன்பது நாள் பழகிப் பார்த்தது. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அதைப் பார்த்தாய், உங்களால் முடியாது, அடுத்த ஞாயிறு, தானும் பவளம் வளர்க்கிற உன் சிநேகிதன் இஹ்ஸான் காயல்பட்டினத்திலிருந்து வந்து தொட்டியோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான் என்றாய். கேட்கவில்லை, அறிவித்தாய். நான் சரி என்றேன். நான் சரி என்று சொன்னால் அது சம்மதமில்லை என்பது உன் அப்பாவுக்கே தெரியும், உனக்குத்தான் இருபத்து நாலு வயதாகியும் தெரியவில்லை.

அந்தத் தொட்டி ஹாலை விட்டுப் போகக் கூடாது என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அது இருந்த இடத்தில் தரை வேறு நிறத்தில் சதுரமாகத் தெரியும், தினமும் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட எனக்கு விருப்பமில்லை. ஆக எனக்கு ஆறு நாள் இருந்தது. திங்கட்கிழமை நீரூற்றை நிறுத்திவிட்டு உன் பழைய பம்பைக் கழற்றினேன். செத்துப்போனது என்று நீங்கள் இருவரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்ன பம்ப், உங்கள் இருவருக்கும் ஒரே கருத்து வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். உள்ளே சுழலும் விசிறியை, அதாவது இம்பெல்லரைச் சுற்றிச் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருந்தது, நடுவில் கடுகளவு நத்தை ஒன்று வேறு குடியிருந்தது. உன் அப்பா தரை கழுவுகிற ஆசிட்டைக் கொண்டுவந்தார். என் எம்.எஸ்சி. வேதியியலுக்கு இந்த வீட்டில் முதன்முறையாக ஒரு வேலை கிடைத்தது, ஆசிட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, பாதி வினிகர் பாதி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டினால் புதுப் பெண் மாதிரி முனகாமல் சுற்றுகிறது. மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும் என்பது உன் பதினெட்டு நிமிடப் பதிவில் பதினேழாவது நிமிடத்தில் வருகிறது. முதல் நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

பம்ப் ஓடியது, பவளம் திறக்கவில்லை. புதன்கிழமை உன் அப்பா, சங்கு குளிக்கப் போகும் சிலுவையை வீட்டுக்கே அழைத்து வந்தார். கம்ப்ரசருக்கு பெல்ட் வாங்கக் கடைக்கு வந்த மனிதரை, நீரூற்றுப் பம்புக்கு ஆதரவாகச் சாட்சி சொல்லக் கூட்டிவந்ததாக எனக்குத் தோன்றியது. இரண்டு பம்பையும் உன் அப்பா மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். சிலுவை நீரூற்றைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது ஓஸ் வச்சுக் காரு கழுவுதாப்புலல்லா இருக்கு” என்றார். பழையதைப் பார்த்துவிட்டு, “இது தேவல. ஆனா ஒரே பக்கமா வருது பாத்தியளா. கடல்ல வாநீவாடு வடக்கேருந்து தள்ளும், சோநீவாடு தெக்கேருந்து தள்ளும். நீவாடு மாறி மாறி வந்தாத்தான் பாரு மேல அழுக்கு தங்காது. ஒரே நீவாடுன்னா முதுகுப் பக்கம் பூரா குப்பதான்” என்றார். நீவாடு என்பது அவர்கள் பாஷையில் நீரோட்டம், பாரு என்பது கடலடிப் பாறை. “ஏலே, நீ பெல்ட்டு வாங்க வந்தியா, எனக்குப் பாடம் எடுக்க வந்தியா” என்று உன் அப்பா கேட்க, பெல்ட்டையும் இனி வேறு கடையில்தான் வாங்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

கடலில் இறங்குகிறவர் சொல்வதாலேயே எதையும் நான் நம்பிவிட மாட்டேன். மீன் தீனியைப் பொடித்து ஒரு சிட்டிகை தூவிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து முறை தூவினேன், ஐந்து முறையும் பொடி பவளத்தின் பின்பக்கம் ஒரே இடத்தில் போய்த் தங்கியது. சிலுவை சொன்னது சரி. எதிர்ப்பக்கத்துக்கு இன்னொரு பம்ப் வேண்டும் என்று முடிவானதும் எது என்பதில் சண்டை. உன் அப்பாவுக்கு ஒரு பம்பை மதிக்க ஒரே கேள்விதான், எத்தனை அடி ஏற்றும். இங்கே தண்ணீரை எங்கேயும் ஏற்ற வேண்டாம், இருக்கிற இடத்திலேயே பரவலாகப் புரண்டால் போதும் என்று விளக்க மூன்று வேளைச் சாப்பாடு ஆயிற்று. மணிக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் என்று அட்டையில் போட்டிருப்பது மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளம் மாதிரி, பாதியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன், பெரியதை விட்டுவிட்டு வாய் அகலமான சிறியதாக ஒன்று வரவழைத்தேன். ஆறு மணி நேரத்துக்கு இது, ஆறு மணி நேரத்துக்கு அது என்று டைமரில் போட்டாயிற்று. எந்தப் பம்பும் பவளத்தை நேராகப் பார்ப்பதில்லை, கண்ணாடியில் மோதித் திரும்பிய தண்ணீர்தான் அதைத் தொடுகிறது. ஒன்று வினிகரில் ஊறும்போது மற்றது ஓடும். மின்வாரியம் மாதத்தில் ஒரு நாள் பகல் முழுவதும் கரண்டை நிறுத்தும்போது இன்வெர்ட்டரில் அந்தச் சிறியது மட்டும் ஓடும், உன் அப்பா ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

இத்தனையும் செய்தும் ஞாயிறு காலையில் பவளம் மூடித்தான் இருந்தது. மேலே மெழுகு பூசினதுபோல ஒரு பளபளப்பு. இஹ்ஸான் சொன்ன நேரத்துக்கு வாளிகளோடும், அவன் அம்மா உம்மு ஹானி கொடுத்தனுப்பிய தம்மடைப் பலகாரத்தோடும் வந்தான். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. “அம்மா, தோல் உரிக்கப் பாக்குது போல. பொழைக்கலாம், பொழைக்காமலும் போகலாம். என்கிட்ட இருந்தா நான் பாத்துக்குவேன்” என்றான். நான் சரி என்றேன். அவன் இரண்டு பம்பையும் நிறுத்தினான். தொட்டியின் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தால் தலைவலி என்று ஆறு மாதமாக உன்னிடம் குறைப்பட்டவள் நான். நின்றதும், சோபாவில் உட்கார்ந்து உன் அப்பா மூச்சு விடுவது கேட்டது, சுவர்க்கடிகாரம் கேட்டது, வேறு எதுவுமே கேட்கவில்லை. இஹ்ஸான் தண்ணீரில் கை வைக்கப் போனான். “தம்பி, சுவிட்சப் போடு” என்று சொன்னது உன் அப்பா, நான் இல்லை. நான் எழுந்து போய்ப் போட்டேன், அவ்வளவுதான். இஹ்ஸான் சாப்பிட்டுவிட்டுக் காலி வாளிகளோடு போனான், அவனைக் கோபித்துக்கொள்ளாதே, பிரகாஷ் கேட்டால் என்ன சொல்ல என்று கேட்டான், அதை நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமை காலை காபி போட வந்தபோது பவளத்தின் மேலிருந்து மெல்லிய தோல் ஒன்று உரிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்து நீரோட்டம் அதைக் கிழித்தது, சாயங்காலம் மறுபக்கத்து நீரோட்டம் அதைக் கழுவிக்கொண்டு போனது. மறுநாள் ஓரத்தில் கொஞ்சம் விரல்கள் வெளியே வந்தன, இன்று பாதிக்கு மேல் திறந்திருக்கிறது. உன் அப்பா கடைக்கு வருகிறவர்களிடம் தானே செய்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் திருத்தவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ரொட்டி மட்டும் சாப்பாடாகாது. தேர்வை நன்றாக எழுது, எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, முருகன் துணையிருப்பான். ஒன்றை மட்டும் நினைவில் வை, இனி கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பமாட்டேன், படமும் அனுப்பமாட்டேன். அது திறந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஜூன் விடுமுறைக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு வா.

உன் நலம் நாடும் அம்மா,
அனுசியா லிங்கராஜ்