வலது டேங்க்கில் வழிந்த பெட்ரோல்

மாப்ள,

காலையில் காளவாசல் பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டு மூடியைத் திருகும்போது கையில் நாலு சொட்டு பட்டுவிட்டது. சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. மற்றவர்களுக்குச் செத்தவர் ஞாபகம் ஊதுபத்தி வாடையில் வருகிறது. எனக்கு நீ பெட்ரோலில் வருகிறாய்.

ஐம்பது வயதுக்கு மேல் நமக்கு எதற்குக் கார் கட்டும் வேலை? பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து, பழைய இன்ஜெக்ஷன் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு பேர் உட்காரும் வண்டியைக் கோத்தோம். பெரிய டேங்க் ஒன்றைப் பின்னால் வைத்தால் உன் இருக்கை முன்னால் தள்ளி, தொப்பை ஸ்டியரிங்கில் இடித்தது. தொப்பையைக் குறை என்றேன்.

"டேங்க ரெண்டாக்குறது அத விடச் சுலபம் மாப்ள" என்றாய்.

இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. முதலில் பெட்ரோல் எடுப்பது இடதிலிருந்து. இன்ஜெக்ஷன் எஞ்சினுக்குப் பம்ப் எப்போதும் தேவைக்கு மேலேயே அனுப்பும். மிச்சம் டேங்க்குக்குத் திரும்பி வரவேண்டும். "எந்த டேங்க்ல எடுக்குறமோ அதுக்கே திரும்பணும்" என்று ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தாய். நானும் தினமும் படித்தேன். ஆனால் நீ இல்லாத ஒரு நாள், திரும்புகிற குழாய் இடது டேங்க்குக்கு ஒரு முழம் எட்டவில்லை. வலது டேங்க் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எப்படியும் பெட்ரோல் நம் வண்டிக்குள்தானே கிடக்கும் என்று அதில் மாட்டிவிட்டேன். உன்னிடம் சொல்லவும் இல்லை.

"இந்தத் தகரம் மேலூரத் தாண்டாது" என்று உன் மச்சினன் சொல்லியிருந்தான். அவன் முகத்தில் கரி பூசத்தான் கொட்டாம்பட்டிக்குப் புறப்பட்டோம். போயும் சேர்ந்தோம். உன் மாமனார் வீட்டு வாசலில் நீ ராஜா மாதிரி இறங்கினாய். மச்சினன் பீடியைக் கடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தான். வலது மூடியிலிருந்து பெட்ரோல் வழிந்துகொண்டிருந்தது. இடது டேங்க் கிட்டத்தட்டக் காலி.

"பீடியத் தூக்கி எறிடா!" என்று நீ கத்திய கத்தலில் கோழிகள் கூரை ஏறின.

அப்புறம் குழாயைத் தடவிப் பார்த்தாய். என்னையும் பார்த்தாய். "நான்தான் மாத்தி மாட்டிட்டேன்" என்றாய். நான் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் நீ 'ஊத்து மாப்ள'. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர்கள் சிரித்தார்கள். நானும் வெட்கமில்லாமல் கூடச் சிரித்தேன். நீ போன பிறகு அது என்னைத் தூங்கவிடவில்லை.

இன்று உன் முதல் வருஷத் திதி. குழாய் சரியான டேங்க்கில்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, உன் சம்சாரம் தங்கச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே வண்டியில் கொட்டாம்பட்டி போனேன். ஒரு சொட்டு வழியவில்லை. இலை எடுத்த பிறகு, எல்லாரும் இருக்கும்போதே உன் மச்சினனிடம் சொன்னேன்: "அன்னைக்கு மாத்தி மாட்டுனது அவன் இல்லப்பா. நான்."

"தெரியும்ணே" என்றான் அவன். "மச்சான் அன்னைக்கே சொல்லிட்டாரு. 'அவன்ட்ட கேட்றாத, மனசு ஒடஞ்சுருவான்'னு சொன்னாரு."

தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தது. அதற்கும் தெரியுமாம்.

அடப்பாவி! இத்தனை வருஷமும் அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்தா? கோபத்தோடு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். கையை முகர்ந்தேன். வாடை இன்னும் போகவில்லை. உன்னைத் திட்ட ஆரம்பித்தவன் அழுதுவிட்டேன், மாப்ள.