அப்பா முகத்துத் தழும்பு

அன்புள்ள அம்மா, தறிக்குழியில் இறங்கும்போது முழங்கால் இன்னும் வலிக்கிறதா? ஷார்ஜாவில் நான் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் கல்யாண வீடியோ கேசட்டை வி.சி.ஆரில் ஓட்டி, கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். படமெல்லாம் புள்ளி புள்ளியாகத் துடித்தது. பதிவாகும்போதே புள்ளியை நீக்கும் ஃபில்டரை முழுசாகக் கூட்டினேன். அறைத்தோழன் சந்தோஷ், "உங்கப்பா இன்னாடா, பவுடர் பூசிகினு நிக்கிறாரு?" என்று சிரித்தான். அப்பாவின் அம்மைத் தழும்புகளும் அழிந்திருந்தன.

டேப் நைந்துவிட்டது, இன்னும் ஒருமுறைதான் ஓடும். ஃபில்டரை எவ்வளவு குறைப்பது என்று தெரியாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். சின்ன வயதில் பார்த்த முகம் நினைவில் இல்லை; வீட்டில் மாலை போட்ட அப்பா போட்டோவிலும் ஸ்டுடியோக்காரர் தழும்பை அழித்துவிட்டாரே. போனில் கேட்டால் அழுதுவிடுவேன்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. தழும்பு எந்தக் கன்னத்தில் அதிகம்? சீக்கிரம் எழுதும்மா. எது டேப்பின் புள்ளி, எது அப்பாவின் தழும்பு என்று எனக்குத் தெரியவில்லை.

கிரண்